மஞ்சள் தோய்ந்த வேட்டி

சித்தூர் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் நேசகுமார் நாற்பது நாள் டைபாய்டில் கிடந்து எழுந்த வருஷம் அது. புரட்டாசி மாதம். காய்ச்சல் போயிற்றே தவிர, போகிற போக்கில் இரண்டு கன்னத்திலும் தோலை உரித்துவிட்டுப் போயிருந்தது. புண் ஆறும்வரை முகத்தில் கத்தி படக்கூடாது என்று ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே எப்போதும் மழுமழுவென்று இருக்கும் வாத்தியாருக்கு முகம் மறையத் தாடி வளர்ந்திருந்தது.

அந்த நிலைமையில்தான் திருப்பதியிலிருந்து கடிதம் வந்தது. அங்கே இருந்த சின்னச் சபைக்கு ஓர் உபதேசியார் தேவை. போதகர் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கம் செய்யவும், சபையார் வீடுகளுக்குப் போய் ஜெபிக்கவும் நம்பகமான ஆள் வேண்டும். சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு நேரில் வரவும் என்று எழுதியிருந்தது. அரிச்சுவடி சொல்லிக்கொடுத்துத் தொண்டை வறண்டுபோன நேசகுமார் இந்த வேலைக்காகப் பத்து வருஷமாக முழங்காலில் நின்றவர். கடிதத்தை மனைவி ஜெயகுமாரியிடம் மூன்று தரம் படித்துக் காட்டினார்.

நடுவில் வந்து சேர்ந்தது துலுக்காணத்தின் நல்ல மனசு. துலுக்காணம் அந்தத் தெருவுக்கெல்லாம் துணி வெளுப்பவர். புரட்டாசி பிறந்துவிட்டால் அவர் வீட்டுக் கொல்லையில் ஓர் அண்டா நிறைய மஞ்சள் தண்ணீர் நிற்கும். திருப்பதிக்கு வேண்டிக்கொண்டவர்கள் வேட்டியும் சேலையும் அதில்தான் தோய்த்து வாங்கிக்கொண்டு போவார்கள். வாத்தியார் வீட்டுக்கு அழுக்கு எடுக்க வந்தவர் தாடியைப் பார்த்தார். சனிக்கிழமை ஐயா திருப்பதிக்குப் போகிறார் என்று ஜெயகுமாரி சொன்னதையும் கேட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாத்தியாரின் இரண்டு நல்ல வேட்டிகளில் ஒன்று வெள்ளையாகவும் ஒன்று பளீரென்ற மஞ்சளாகவும் திரும்பி வந்தது.

நாங்கள் வேதக்காரர்கள் என்று தெரியாதா என்று ஜெயகுமாரி ஆதங்கப்பட்டாள். துலுக்காணம் அசரவில்லை.

"வேதக்காரங்கன்னா உசுரு வெல்லமா இருக்காதாம்மா? சாவக் கெடந்து பொழைச்ச மனுசன் யாருகிட்ட வேண்டிக்கினாரோ, அத்த நாம கேக்கக் கூடாது. கூலி வேணாம். இது என்னோட புண்ணியம்."

அவர் போன பிறகு புருஷனுக்கும் மனைவிக்கும் வழக்கு நடந்தது. வெள்ளை வேட்டியையும் கறுப்புக் கோட்டையும் பெட்டியில் மடித்து வைத்துக்கொள்வதாகவும், ரயிலில் மஞ்சள் வேட்டியைக் கட்டிக்கொண்டு போவதாகவும் நேசகுமார் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. எஞ்சின் கக்குகிற கரி பாகாலா போவதற்குள் வெள்ளையைச் சாம்பலாக்கிவிடும். பழைய வேட்டிகளோ காய்ச்சலில் கிழிந்து அடுப்புத் துணியாகிவிட்டன.

"பாக்கறவங்க என்னா நெனைப்பாங்க?" என்றாள் ஜெயகுமாரி.

"பாக்கறவங்க நெனைப்புக்கு நான் ஜவாப்தாரியா? துணிக்கா வாய் இருக்கு? நான் வாயத் தொறந்து பொய் சொன்னாத்தான் பொய்."

ஆள் பாதி ஆடை பாதி என்று ஊரில் சொல்வதை அவள் சொல்லிப் பார்த்தாள். அந்த ஆடைப் பாதி வெறும் நூல்தான் என்றார் வாத்தியார். படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வாதத்தில் ஜெயித்துவிட்டால் விஷயமே தீர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். நேசகுமார் நன்றாகத் தூங்கினார்.

புரட்டாசிச் சனிக்கிழமை என்றால் சித்தூர் ஸ்டேஷனில் கால் வைக்க இடமிராது. மூன்றாம் வகுப்புப் பெட்டியில் ஜனங்கள் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார்கள். நேசகுமார் துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் ஏறியதும் யாரோ "கோவிந்தா" என்றார்கள். உடனே பெட்டி முழுவதும் "கோவிந்தா" என்றது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒருவர் தம் குழந்தையை மடியில் எடுத்துக்கொண்டு இடம் விட்டார். காய்ச்சலில் மெலிந்த உடம்பு நெடுநேரம் நிற்காது. நேசகுமார் உட்கார்ந்துவிட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லையே, அவர்களாகத்தானே கொடுத்தார்கள் என்று மனசுக்குள் ஒரு தரம் சொல்லிக்கொண்டார். அப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்ததே ஒரு அடையாளம். அது அப்போது அவருக்குப் புரியவில்லை.

பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் வலது காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பேர் வெங்கடம்மா, பாலசமுத்திரத்துக்காரர். விடியற்காலை ஊரிலிருந்து வந்த மாட்டு வண்டியிலிருந்து இறங்கும்போது சறுக்கி விழுந்து முழங்கால் வீங்கிவிட்டதாம். எதிரே நகரி நெசவுக்காரர் உமாபதி, சித்தூரில் சேலை விற்றுவிட்டு ஊர் திரும்புகிறவர். கோவிந்தா போட்ட குரல் அவருடையதுதான்.

பாகாலாவில் வண்டி வெகுநேரம் நின்றது. வெங்கடம்மா மந்தார இலைப் பொட்டலத்தைப் பிரித்தார். புளிச்சோற்றின் வாசனை எழுந்தது. டைபாய்டு கண்டு எழுந்தவனின் பசி பட்டவர்களுக்குத்தான் தெரியும். அது வயிற்றுப் பசி இல்லை, எலும்புப் பசி. நேசகுமார் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மாள் பாதிச் சோற்றை ஓர் இலையில் வைத்து அவர் மடியில் வைத்தார்.

"மலை ஏறணுமே, வெறும் வயித்தோட எப்பிடி ஏறுவே? துன்னு நைனா."

பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். மலை ஏறப்போவதில்லை என்ற வார்த்தை முதலில் பறந்தது. நேசகுமார் இலையைக் கையில் ஏந்தினார், ஒரு கணம் கண்ணை மூடினார், பிறகு சாப்பிட்டார். ஒரு பருக்கை மிச்சமில்லை.

சாப்பிடச் சாப்பிட அம்மாள் தம் கதையைச் சொன்னார். வீட்டுக்காரருக்கு ஒரு கண் போன வருஷமே போய்விட்டது. மற்றதும் மங்கிக்கொண்டு வருகிறது. வரப்பில் நடக்கும்போது தடுக்கி விழுகிறார். கண் நிலைத்தால் வெள்ளியில் கண்மலர் செய்து மலையில் போடுவதாக வேண்டிக்கொண்டு, கண் நிலைக்கும்வரை பொறுக்க முடியாமல் முன்னதாகவே செய்துகொண்டு கிளம்பிவிட்டார். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். கட்டைவிரல் நகம் அகலத்தில் இரண்டு வெள்ளிக் கண்கள், நடுவில் கருவிழிக்கு ஒரு புள்ளி. அந்தக் காலத்தில் மலைக்கு மோட்டார் கிடையாது, ஏறினால் படிதான். வீங்கிய காலைத் தடவிக்கொண்டே வெங்கடம்மா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்னால ஏற முடியாது நைனா. நான் கீழ சத்திரத்தில இருக்கேன். இத்த நீ எடுத்துக்கினு போயி உண்டியல்ல போட்டுடு. உன் கையால போடு."

நேசகுமார் வாயைத் திறந்தார். இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் திறந்தார். அம்மா, நான் மலைக்குப் போகிறவன் இல்லை. இது சலவைக்காரர் தெரியாமல் தோய்த்த வேட்டி. இவ்வளவுதான். ஆனால் இடம் விட்ட மனிதர் பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் காலி இலை இருந்தது. உமாபதி, தாடி வைத்து விரதம் இருக்கிறவர் கையில் கொடுத்தால் தாமே போட்ட மாதிரி என்று அம்மாளுக்கு எடுத்துச் சொன்னார். இத்தனை பேருக்கும் நடுவில் இப்போது உண்மையைச் சொன்னால், இதுவரை சும்மா இருந்தது எதற்காக என்று கேட்பார்கள். சோற்றுக்காக என்றுதான் பதில் சொல்ல வேண்டும். திறந்த வாயை மூடிக்கொண்டு நேசகுமார் கையை நீட்டினார். வெள்ளி சில்லென்று உள்ளங்கையில் விழுந்தது.

பத்து வருஷம் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று பிரம்பை ஓங்கிய கை அது.

திருப்பதி ஸ்டேஷனில் இறங்கியதும் கண்மலரை வேறு யாரிடமாவது கொடுத்து அனுப்பிவிடலாம் என்று பார்த்தார். மஞ்சள் கட்டியவர்கள் அலை அலையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். யாரைக் கேட்டாலும், நீங்களே மஞ்சள் கட்டியிருக்கிறீர்களே, நீங்கள் ஏன் போகவில்லை என்று கேட்பார்களே. ஒரு பொய்யை இறக்கி வைக்க இன்னொரு பொய் வேண்டியிருந்தது. இடுப்பில் முடிந்துகொண்டு, தலையைக் குனிந்தபடி மூப்பர் சுந்தர்ராஜ் வீட்டுக்கு நடந்தார்.

சுந்தர்ராஜ் அந்தச் சபையின் மூப்பர், ஓய்வு பெற்ற ரயில்வே குமாஸ்தா. கதவைத் திறந்தவர் தாடியையும் மஞ்சளையும் பார்த்து, பிச்சைக்கு வந்த கோவிந்தசாமி என்று நினைத்து அரிசி எடுத்து வரத் திரும்பினார். நேசகுமார் பேரைச் சொன்னதும் அவர் முகத்திலிருந்து ரத்தமே வடிந்துவிட்டது. சபைக்கு உபதேசியாராக வருகிறவன் மலைக்கு முடி கொடுக்கப் போகிறானோ என்ற பயம் கண்ணில் அப்பட்டமாகத் தெரிந்தது. நேசகுமார் அவசர அவசரமாக டைபாய்டைச் சொன்னார், கம்பவுண்டரைச் சொன்னார், துலுக்காணத்தைச் சொன்னார். மூப்பருக்கு முதலில் மூச்சு வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. தள்ளாடித் தெருவில் விழுந்துவிடுவாரோ என்கிற அளவுக்குச் சிரித்தார். உள்ளே கூட்டிப்போய், போதகர் ஆர்தரிடம் அதே கதையைத் தாமே இன்னொரு தரம் சொல்லி இன்னொரு தரம் சிரித்தார்.

நேசகுமார் குளித்து வெள்ளை வேட்டியும் கறுப்புக் கோட்டும் போட்டுக்கொண்டு வந்து நின்றபோது போதகர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"இப்போதுதான் நம் மனிதராக இருக்கிறீர்" என்றார்.

கண்மலர் இப்போது கோட்டின் உள்பையில் இருந்தது.

நாலு மணிக்குக் கேள்விகள் ஆரம்பித்தன. வேத வசனங்கள் கேட்டார்கள், ஞானப்பாட்டு ஒன்று பாடச் சொன்னார்கள், நோயாளி வீட்டில் எப்படி ஜெபிப்பீர் என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் தடையில்லாமல் பதில் வந்தது. கடைசியில் போதகர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, விளையாட்டாக ஒன்று கேட்டார். ரயிலில் உம்மைப் பார்த்து யாரும் கோவிந்தா போடவில்லையா?

"போட்டார்கள், ஐயா."

"நீர் என்ன சொன்னீர்?"

"நான் ஒன்றும் சொல்லவில்லை, ஐயா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நேசகுமார் சொன்னதில் ஓர் எழுத்துப் பொய் இல்லை. அதுதான் அவரைக் கொன்றது. காலையில் மஞ்சளைக் கட்டிக்கொண்டு வாயை மூடியிருந்தார். ஜனங்கள் பக்தன் என்றார்கள். இப்போது வெள்ளையைக் கட்டிக்கொண்டு பாதியைச் சொல்லி வாயை மூடிக்கொண்டார். இவர்கள் விசுவாசி என்கிறார்கள். பொய் சொல்லாமலே ஒரே நாளில் இரண்டு ஊரை ஏமாற்ற முடியும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. முகம் சுட்டது. புண் ஆறாத கன்னம் எரிந்தது. வேலை உமக்குத்தான், நாளை ஆராதனையில் சபைக்கு முன்னால் அறிவித்துவிடுகிறோம் என்று போதகர் கைகுலுக்கியபோது, கோட்டுப் பைக்குள் இரண்டு வெள்ளிக் கண்களும் திறந்துகொண்டு பார்ப்பது போல இருந்தது.

ஊரைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு புறப்பட்டார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சத்திரத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கூட்டத்துக்கு நடுவில், தூணுக்குக் கீழே, வெங்கடம்மா காலை நீட்டிக்கொண்டு மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கோட்டுப் போட்டவர் வருவதைக் கண்டு வழியிலிருந்தவர்கள் ஒதுங்கினார்கள். யாரோ அதிகாரி என்று நினைத்து அம்மாளும் சிரமப்பட்டு எழுந்திருக்கப் பார்த்தார். பிறகு தாடியை அடையாளம் கண்டுகொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நேசகுமார் எதிரே தரையில் உட்கார்ந்தார். வெள்ளை வேட்டி அழுக்காகும் என்ற நினைப்பே வரவில்லை. கண்மலரை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"அம்மா, நான் மலைக்கிப் போவல. நான் வேதக்காரன். ரயில்லயே சொல்லியிருக்கணும், சொல்லல."

வெங்கடம்மா ஏசப்போகிறார் என்று குனிந்துகொண்டார். ஏசினால் நன்றாயிருக்கும் என்றுகூடத் தோன்றியது. ஆனால் அம்மாளின் குரலில் கோபம் இல்லை.

"நீ வேதக்காரன்னு எனக்குத் தெரியும் நைனா. சோத்த கையில வெச்சிக்கினு கண்ண மூடி ஒதட்ட அசைச்சியே. எங்க ஊரு மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியாரும் அப்பிடித்தான் துன்னுவாரு."

நேசகுமார் நிமிர்ந்து பார்த்தார். உதடு அசைந்ததே அவருக்குத் தெரியாது. கைப்பிடித்து நடந்த வயசிலிருந்து வந்த பழக்கம். பசியில் எல்லாம் பறந்தபோதும் அது மட்டும் பறக்காமல் தங்கியிருந்திருக்கிறது.

தெரிந்துமா இதை என் கையில் கொடுத்தீர்கள் என்று கேட்டார்.

"தெரிஞ்சிதான் குடுத்தேன். சொந்த சாமிய உட்டுட்டு, சொந்த ஜனத்துக்குப் பயந்துக்கினு, ஒருத்தன் மஞ்ச கட்டிக்கினு வரான்னா அவன் எவ்ளோ நொந்து போயிருப்பான்? பொண்டாட்டியோ, புள்ளையோ, என்னா கஷ்டமோ, பாவம். நாலு பேரு எதிர்ல கேட்டா கூனிப்போவியேன்னு கேக்கல. அப்பிடி வரவனோட வேண்டுதலத்தான் சாமி மொதல்ல காதுல வாங்குவாருன்னு நெனைச்சேன். அதனாலதான் உன் கையில குடுத்தேன்."

கொஞ்சம் நிறுத்திவிட்டு, மத்தியானத்திலிருந்து இங்கேயே உட்கார்ந்து, இந்நேரம் இத்தனாவது படி ஏறியிருப்பான் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, தம் புருஷன் கண்ணுக்காக ஒரு தரமும் அவருடைய கஷ்டத்துக்காக ஒரு தரமும் கும்பிட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னார்.

நேசகுமாரை வெட்கம் பிடுங்கித் தின்றது. ரயிலில் பட்ட வெட்கமும் மூப்பர் வீட்டில் பட்ட வெட்கமும் இதற்கு முன்னால் தூசு. ஒரு பொல்லாதவளை ஏமாற்றியிருந்தால் மன்னிப்பாவது கேட்கலாம். தம்மை மறைத்துக் காப்பாற்றியவரையல்லவா ஏமாற்றியிருக்கிறார்! ஆனாலும் முழுசையும் சொல்லிவிடுவதென்று வந்தாயிற்று. எனக்கு வேண்டுதல் எதுவும் இல்லை, கஷ்டமும் இல்லை. சலவைக்காரர் தவறாக நினைத்துச் சாயம் தோய்த்தார், வெள்ளை வேட்டி கரியாகக் கூடாதென்று இதைக் கட்டினேன், பசித்தது, சாப்பிட்டேன் என்றார். சொல்லச் சொல்ல அது எத்தனை அற்பமாக இருந்தது என்று அவர் காதுக்கே கேட்டது.

அப்போதுதான் வெங்கடம்மாவின் முகம் விழுந்தது. வேதக்காரன் என்றபோது விழாத முகம். கண்மலரை எடுத்தார், முந்தானையில் துடைத்தார், முடிந்துகொண்டார்.

"சரி. காலையில நானே உக்காந்து உக்காந்து ஏறிடறேன்."

வீங்கிய முழங்காலைப் பார்த்துக்கொண்டு நேசகுமார் எழுந்தார். அம்மாள் அண்ணாந்து, வெள்ளை வேட்டியிலிருந்து கோட்டின் கழுத்துவரை மெதுவாகப் பார்த்தார். குத்திக் காட்டுகிறவர் இல்லை அவர், தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"இப்ப போட்டுக்கினு இருக்கியே, இதாவது நெஜமா நைனா?"

ஆமாம் என்று சொல்ல நேசகுமாருக்கு நாக்குப் புரளவில்லை.

சத்திரத்து வாசலில் கோவிந்தா கோவிந்தா என்று புதுக் கூட்டம் ஒன்று உள்ளே வந்துகொண்டிருந்தது. அவர் ஓரமாக ஒதுங்கி வெளியே வந்தார். காலையில் மலை அடிவாரத்துக்கு வந்து அந்த அம்மாளுக்குத் தோள் கொடுத்துப் படி ஏற்றினால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. அதையும் எந்த உடுப்பில் செய்வது என்று யோசித்தபோது அழுகை வந்தது. நடுத்தெருவில், கறுப்புக் கோட்டுப் போட்ட தாடிக்காரர் அழுதுகொண்டு போவதை ஜனங்கள் நின்று பார்த்தார்கள். அவர்கள் என்ன நினைத்தார்களோ, அவரவர் இஷ்டம்.

மூப்பர் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. போதகரும் மூப்பரும் துலுக்காணத்தின் கதையை மூன்றாம் தரம் யாருக்கோ சொல்லிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. நேசகுமார் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு கதவைத் தட்டினார்.

"யாரு, உபதேசியாரா?" என்று உள்ளேயிருந்து மூப்பர் கேட்டார்.

"இல்லைங்க. சித்தூர் வாத்தியார் நேசகுமார்" என்றார் அவர். "ரயிலில் நடந்ததை நான் உங்களுக்கு முழுசாகச் சொல்லவில்லை."